தையல் மிஷின் பெல்ட்டில் ஓடிய ஏக்கம்

என் அக்காவின் வீட்டுக்காரருக்கு விருது கொடுத்த கையோடு ரசிகர் வட்டத்துக்காரர்கள் ஒரு சிறப்பு மலரும் போட்டார்கள். கூடவே வேலை செய்கிறவள், மைத்துனி வேறு, என்று என்னிடமும் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு இடம் போதவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இடம் போதாமல் என்ன, அத்தானின் புகைப்படத்தையே பக்கம் பக்கமாகப் போட்டிருந்தார்கள். ஒன்றில் அவர் ஜன்னலைப் பார்க்கிறார், இன்னொன்றில் ஜன்னல் அவரைப் பார்க்கிறது. போகட்டும். மலரில் போடாவிட்டால் எனக்கு வாயா இல்லை?

அத்தானுக்குத் தொழில், பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து மறுபடி வெளியிடுவது. கண்ட பாட்டையும் தொட மாட்டார். அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய ஜாஸ் காதல் பாட்டுகள் மட்டும்தான். ஒரு பியானோ, ஆளுயர வயலின் மாதிரி ஒரு பேஸ், டிரம்மைக் குச்சியால் அடிக்காமல் பிரஷ்ஷால் தடவிக்கொடுக்கிற ஒருவர், நடுவில் மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு பாடுகிற ஒரு ஆளோ பெண்ணோ. யாரும் சத்தம் போட மாட்டார்கள். பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்று பயந்து பாடுவது போல இருக்கும். அந்தப் பாட்டுகள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, நல்ல பாட்டுகள். என் குறையெல்லாம் அதைக் கேட்கிறவர்கள்மேல்தான்.

அதற்கு முன்னால் அவர் குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தா. ஒரு நாள் பல் பிடுங்கப் போனார். அங்கே காத்திருக்கிற அறையில் இப்படி ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பிடுங்கி முடித்த பிறகும் எழுந்து வராமல் வாயில் பஞ்சோடு உட்கார்ந்து தட்டு முடியும்வரை கேட்டாராம். அன்றைக்குப் பல்லோடு சேர்த்து இன்னும் எதையோ பிடுங்கிவிட்டார்கள் என்பது அக்காவின் முடிவு. வேலையை விட்டார். டயர் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறையை வாடகைக்குப் பிடித்தார். ஒன்றில் சுவரெல்லாம் தரைவிரிப்பை ஆணியடித்துத் தொங்கவிட்டு மிஷின்களை வைத்தார். இன்னொன்றில் என்னையும் அட்டைப் பெட்டிகளையும் வைத்தார்.

தட்டின் அட்டைக்குப் பின்பக்கம் பாடகரைப் பற்றி ஒரு குறிப்பு வருமே, அதை எழுதுவதும் அவர்தான். எந்தக் குரலைக் கேட்டாலும் வெல்வெட் என்று எழுதுவார். ஆண் குரல் கறுப்பு வெல்வெட், பெண் குரல் நீல வெல்வெட், தொண்டை கட்டியிருந்தால் நனைந்த வெல்வெட். டயர் கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு அவருக்கு 'வெல்வெட்டு' என்றே பேர் வைத்துவிட்டார். கீழே இருந்து, "வெல்வெட்டு சார், உங்களைத் தேடி ஆள் வந்திருக்கு!" என்று கத்துவார். அத்தான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

ஊருக்குத்தான் வெல்வெட், வீட்டுக்குச் சாக்குத் துணி. "பிரிந்து போனவளின் தலையணையில் தங்கிய சூடு போல ஒரு குரல்" என்று எழுதின அதே மனுஷர், அக்கா காய்ச்சலில் கிடந்தபோது அந்தப் பக்கம் தலை காட்டவில்லை. ஒரு தடவை மட்டும் எட்டிப் பார்த்து, "இருமலைக் கொஞ்சம் அடக்கிக்கோ, உள்ள பாட்டு ஓடுது" என்றார். அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். தைக்கும்போது ஏதாவது முணுமுணுப்பாள். சுருதி சேரவில்லை என்று அதையும் நிறுத்திவிட்டார். காது மட்டும் அவ்வளவு கூர்மை என்று அவருக்கு நினைப்பு. எழுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பாடகி மூச்சு இழுக்கும் முன் உதட்டைப் பிரித்த சத்தம்கூடக் கேட்குமாம். அக்கா கூப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்காது.

அவரைப் பெரிய மனுஷனாக்கின தட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எப்போதோ மூடிப்போன ஒரு ரெகார்டிங் கம்பெனியின் கிடங்கிலிருந்து ஒரு டேப் சுருள் கிடைத்தது. பெட்டியைத் திறந்தால் புளிச்ச வாடை. ஒரு பாடகி, ஒரே ஒரு ஆல்பம், அந்தக் காலத்தில் ஒருவரும் வாங்கவில்லை, அதற்கப்புறம் அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அத்தானுக்குக் கை கால் ஓடவில்லை. அன்றைக்கென்று டேப் மிஷினின் பெல்ட் அறுந்து போனது. புதுசு வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அத்தான் நேரே வீட்டுக்குப் போய் அக்காவின் தையல் மிஷின் மோட்டாரிலிருந்து பெல்ட்டைக் கழற்றினார்.

"என்னங்க, பள்ளிக்கூடம் திறக்கப் போகுது. சீருடை குவிஞ்சு கிடக்கு" என்றாள் அக்கா.

"இத்தனை வருஷம் காத்துக்கிட்டு இருந்த குரல். அதை இன்னும் ஒரு மாசம் காக்க வைக்கச் சொல்றியா?"

அக்கா ஒரு மாதம் கையால் தைத்தாள். பெல்ட் அளவு சரியில்லை. கொஞ்சம் வழுக்கி வழுக்கித்தான் ஓடியது. அத்தான் அதையெல்லாம் பார்க்கவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து நான் பெட்டி எடுக்க உள்ளே போனால் கன்னத்தில் கண்ணீர் ஓடுகிறது.

"என்ன அத்தான், காது வலிக்குதா?"

"போம்மா. உனக்குப் புரியாது. இந்தப் பொண்ணு பாடலை. செத்துக்கிட்டு இருக்கா."

வாயால் சொன்னதை அட்டையிலும் எழுதிவிட்டார். தகவல் இல்லையென்றால் தகவல் இல்லை என்று எழுத வேண்டும், அதுதானே மனுஷ லட்சணம்? அவர் என்ன எழுதினார் தெரியுமா? காதலன் கைவிட்ட வாரத்திலேயே அவள் ஸ்டூடியோவுக்கு வந்தாளாம். இந்தப் பாட்டுகளைப் பாடினாளாம். தட்டு வெளியாவதற்கு முன்பே ஏரிக்கரையில் ஒரு வீட்டில் ஏக்கத்தாலேயே இறந்து போனாளாம். "எந்த ஏரி அத்தான்?" என்று கேட்டேன். "ஏதோ ஒரு ஏரி" என்றார். அட்டையில் அவள் படமும் கிடையாது. பழைய அட்டையில் இருந்த மாதிரியே ஒரு காலி நாற்காலி, அதன்மேல் ஒரு கையுறை.

தட்டு பிய்த்துக்கொண்டு போனது. பெட்டி கட்டிக் கட்டி என் விரல் தேய்ந்துவிட்டது. அடியாழத்திலிருந்து வருகிற மாதிரி கனத்த, தூக்கக் கலக்கமான அந்தக் குரலுக்கு ரசிகர்கள் மயங்கி விழுந்தார்கள். அதிலும் கடைசிப் பாட்டின் முடிவில் ஒரு விம்மல் வரும். பாட்டை முடித்துவிட்டு அவள் ஒருமுறை விம்முவாள், பாதியில் அடக்குவாள், டேப் நின்றுவிடும். அந்த ஒரு விம்மலுக்காக இரண்டு தட்டு வாங்கினவர்கள் உண்டு, ஒன்று தேய்ந்துவிட்டால் இன்னொன்று வேண்டுமாம்.

ரசிகர் வட்டத்தின் தலைவர் ஒரு கண் டாக்டர். அவர் அந்த விம்மலைப் பற்றி மட்டும் நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். விம்மலுக்குச் சற்று முன்னால் சர்ரென்று ஒரு சின்னச் சத்தம் கேட்கிறது அல்லவா, அது அவள் காதலனின் கடிதத்தைக் கிழிக்கிற ஓசை என்று கண்டுபிடித்துச் சொன்னார். தன்னுடைய கிளினிக்கிலும் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டு நோயாளிகளின் கண் கலங்குவதைப் பார்த்துப் பூரித்துப் போவார். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் யாருக்கும்தான் கலங்கும். அதை அவரிடம் யார் சொல்வது?

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு நாள் மத்தியானம் மாடிப்படியில் தடி ஊன்றி யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். எண்பதைத் தாண்டி வெகுதூரம் போன ஒரு அம்மா. மூச்சு வாங்குகிறது. ஒரு கையில் தடி, இன்னொரு கையில் நாங்கள் வெளியிட்ட தட்டு.

"ஏம்மா, இந்த அட்டையில நான் செத்துட்டேன்னு எழுதினது யாரு? ஆளைக் கொஞ்சம் பார்க்கணும். அதுக்கு முன்னால ஒரு டம்ளர் தண்ணி கொடு. செத்தவளுக்கு இவ்வளவு படி ஆகாது."

எனக்கு முதலில் புரியவில்லை, புரிந்தபோது சிரிப்பு வந்தது, சிரிக்கக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு ஓடித் தண்ணீர் கொண்டுவந்தேன். அவருடைய மருமகள் அவரை ஒரு காபிக் கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். அங்கே ஒரு பெண் பாடிக்கொண்டிருக்கிறாள். வார்த்தையெல்லாம் தெரிந்த வார்த்தை, குரல் யாருடையது என்று தெரியவில்லை. கடைக்காரனிடம் அட்டையை வாங்கிப் பார்த்தால் தன்னுடைய பேர். திருப்பிப் பார்த்தால் தன்னுடைய சாவு.

"ஏரிக்கரையிலயாம்! எனக்குத் தண்ணின்னாலே பயம். நான் அதுக்கப்புறம் கல்யாணம் பண்ணி, மூணு பிள்ளை பெத்து, நாப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தினேன்" என்றார் அந்த அம்மா. "இந்த ஊர்ல பாதிப் பேருக்குக் கிளட்சு மிதிக்கச் சொல்லிக் கொடுத்தது நான்தான்."

உள்ளேயிருந்து அத்தான் வந்தார். விஷயம் கேட்டதும் பேயறைந்த மாதிரி நின்றார். இருந்தாலும் ரசிகர் இல்லையா, சமாளித்துக்கொண்டு, அம்மா உட்காருங்கள் என்று தரைவிரிப்பு அறையில் உட்கார வைத்து, தன்னுடைய பெரிய ஸ்பீக்கரில் தட்டைப் போட்டார். அந்த அம்மாவின் கண் கலங்கும் என்று எதிர்பார்த்துக் கைக்குட்டையைக்கூட எடுத்து வைத்துக்கொண்டார்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் கேட்டார். "யாரு தம்பி இவ? தூக்க மாத்திரை போட்டுக்கிட்டுப் பாடுறா?"

"நீங்கதாம்மா!"

"நானா? நான் என்னைக்குடா இப்படி இழுத்தேன்?"

பெட்டிகளுக்கு அடியில் ஒரு சின்னக் கீபோர்டு கிடந்தது. அதை எடுத்து வரச் சொன்னார். மடியில் வைத்துக்கொண்டு பாட்டோடு கூடவே ஒரு கட்டையை அழுத்தினார். சேரவில்லை. அடுத்த கட்டையை அழுத்தினார். அதுவும் சேரவில்லை.

"பாரு தம்பி. பாட்டு ரெண்டு கட்டைக்கும் நடுவுல கிடக்கு. நாங்க பியானோ வச்சுத்தான் பாடினோம். பியானோவுல நடுவுல ஏது கட்டை?"

"பழைய பியானோம்மா. சுருதி இறங்கியிருக்கும்" என்றார் அத்தான்.

"இறங்கினது பியானோ இல்ல. நீ மெதுவா ஓட்டியிருக்கே."

எனக்குப் பொறி தட்டியது. "அத்தான், அக்காவோட பெல்ட்டு!" என்றேன். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி அத்தான் என்னைப் பார்த்தார். உதடு பிரிகிற சத்தம் கேட்கிற காது! மொத்தப் பாட்டும் நொண்டிக்கொண்டு நடப்பது அந்தக் காதுக்குக் கேட்கவில்லை.

கடைசிப் பாட்டு வந்தது. விம்மல் வந்தது. அத்தான் வழக்கம்போலக் கண்ணை மூடினார். அந்த அம்மாவோ தொடையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஐயோ, இதை விட்டுட்டாங்களா! வெட்டச் சொன்னேனே! பேஸ் வாசிச்சவர் ஏதோ எடுக்கக் குனிஞ்சாரு, பேண்ட்டு பின்பக்கம் சர்ருனு கிழிஞ்சுது. எனக்குச் சிரிப்பு தாங்கலை."

"சிரிப்பா?" என்றார் அத்தான்.

"பின்ன அழுவாங்களா? இதெல்லாமே கேலிப் பாட்டு தம்பி. எப்பப் பார்த்தாலும் லேட்டா வர்ற ஒருத்தனை ஒரு பொண்ணு கிண்டல் பண்றா. நீ வரவேண்டாம், நான் காத்திருக்கேன், காத்திருந்தே கிழவியாயிடுறேன்னு பாடுறா. ஜாலியா, துள்ளிக்கிட்டு. நீ என்னடான்னா அவளைக் கொண்டுபோய் ஏரியில தள்ளிட்டே."

கண் டாக்டரின் கடிதம் கிழிகிற ஓசை எனக்கு ஞாபகம் வந்தது. பெட்டி அறைக்கு ஓடிப்போய்ச் சிரித்து முடித்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன். வந்தபோது அந்த அம்மா சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

"எனக்கு உன்கிட்ட வேற ஒண்ணும் வேண்டாம் தம்பி. நான் பாடின மாதிரியே நாலு பேரு உட்கார்ந்து கேட்கணும். அப்பவும் யாரும் கேட்கலை, கம்பெனியை மூடிட்டாங்க. என் வீட்டுக்காரருக்குப் பாட்டுன்னாலே ஆகாது. என் பிள்ளைங்களுக்கு நான் 'பிரேக், பிரேக்'னு கத்தின குரல்தான் தெரியும். நான் இப்படியும் ஒருத்தியா இருந்தேன்னு தெரிஞ்சவங்க எல்லாரும் போயிட்டாங்க. நானும் போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை. செய்வியா?"

சொல்லும்போது அந்த அம்மாவின் குரல் தழுதழுத்தது. அத்தானும் கலங்கித்தான் போனார், பொய் சொல்லக் கூடாது. அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ரசிகர் வட்டத்தில் அவருக்கு விருது கொடுக்கப் போகிறார்கள், அங்கே எல்லார் முன்னாலும் சரியான வேகத்தில் போட்டுக் காட்டுகிறேன், உங்களையும் மேடைக்குக் கூப்பிடுகிறேன் என்று சத்தியம் பண்ணினார்.

புதுப் பெல்ட் மாட்டி டேப்பை மறுபடி ஓட்டினார். இந்தத் தடவை மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டினார், டயர் கடையில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்று. பாட்டு துள்ளிக்கொண்டு வந்தது. சின்னப் பெண் குரல், வாயில் மிட்டாய் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குறும்பு. அக்கா தைப்பதை நிறுத்திவிட்டு அறை வாசலில் வந்து நின்றாள். பேஸ்காரரின் பேண்ட் கிழிந்த இடத்தில் அந்தப் பெண் சிரித்தாள், அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலமாகிவிட்டது.

"நல்லா இருக்குங்க. இந்தப் பொண்ணைக் கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசிக்கிட்டு இருக்கலாம் போல இருக்கு."

"இதுல எங்கடி இருக்கு ஏக்கம்?" என்றார் அத்தான். பாவம், அழுகிற நிலைமையில் இருந்தார். எத்தனையோ நாள் அந்தச் செத்துப்போன பெண்ணோடு அவர் உட்கார்ந்து அழுதிருக்கிறார். இப்போது அவள் எழுந்து உட்கார்ந்து கண்ணடிக்கிறாள். அந்த ஒரு ராத்திரி அவரைப் பார்க்க எனக்கே இரக்கமாக இருந்தது. அதற்கப்புறம் இரக்கப்படுகிற பழக்கத்தை விட்டுவிட்டேன்.

விருது விழா ஒரு புத்தகக் கடையின் மேல்மாடிக் கூடத்தில். மேடையில் மேஜைமேல் தட்டு சுழற்றுகிற மிஷின், பக்கத்தில் சிவப்புத் துணி போர்த்தி ஒரு கேடயம். 'வாழ்நாள் ரசிகர்' என்று பட்டமாம். வாழ்நாள் பூராவும் ஒருத்தர் கேட்டுக்கொண்டே இருந்ததற்கு விருது கொடுக்கிறார்கள், அக்கா வாழ்நாள் பூராவும் பொறுத்துக்கொண்டிருந்ததற்கு ஒரு பித்தளைத் தட்டுகூடக் கிடையாது. கடைசி வரிசையில் அக்கா, நான், எங்களுக்கு நடுவில் அந்த அம்மா. நல்ல உடுப்பு உடுத்தி, தலை வாரி, உதட்டில் லேசாகச் சாயம்கூடப் பூசிக்கொண்டு வந்திருந்தார். சரியான நேரம் வரும்போது கூப்பிடுகிறேன், அதுவரை யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று அத்தான் சொல்லி வைத்திருந்தார்.

கண் டாக்டர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். "இந்த மனிதர் இல்லையென்றால், ஏக்கத்தில் கரைந்துபோன அந்தப் பேதையின் குரல் நமக்குக் கிடைத்திருக்குமா? அந்த விம்மல் கிடைத்திருக்குமா?" என்றார். கைதட்டல். கேடயத்தை அத்தான் கையில் கொடுத்தார். கைதட்டல். இப்போது அந்தத் தட்டை நம் நண்பரே போட்டுக் காட்டுவார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அத்தானின் பையில் இரண்டு தட்டு இருந்தது. பழசு ஒன்று, சரியான வேகத்தில் புதுசாகப் பதிந்த தட்டு ஒன்று. நான்தான் எடுத்து வைத்தேன், எனக்குத் தெரியும். அவர் கை உள்ளே போனது. ஒன்றைத் தொட்டது. முன்வரிசையில் அத்தனை பேரும் கண்ணை மூடித் தயாராக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். கை நகர்ந்து இன்னொன்றை எடுத்தது.

கூடம் பூராவும் தூக்கக் கலக்கமான குரல் பரவியது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த அம்மா என் காதருகே குனிந்து, "இது அந்தத் தூங்குமூஞ்சிதானே?" என்று கேட்டார். முன்னால் இருந்தவர் திரும்பி, பாட்டுக்கு மரியாதை கொடுங்கள் என்று பல்லைக் கடித்தார். அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். தடியை ஊன்றி எழுந்தார். நானும் கூடவே எழுந்தேன். வரிசைகளுக்கு நடுவே டொக் டொக் என்று நடந்து மேடைக்குப் போய் மிஷின் முன்னால் நின்று, "இதுல வேகம் கூட்டுறது எதும்மா?" என்றார். நான் காட்டினேன். குமிழைத் தள்ளினார்.

பாட்டு விழித்துக்கொண்டது. கண்ணை மூடியிருந்தவர்கள் திறந்தார்கள். கண் டாக்டர் துள்ளி எழுந்தார்.

"யாரும்மா நீங்க? அதைத் தொடாதீங்க! என்ன அநியாயம் இது?"

"என் தொண்டையை நான் தொடுறேன், உங்களுக்கு என்ன?"

டாக்டர் அத்தான் பக்கம் திரும்பினார். "யார் சார் இவங்க? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

அத்தான் கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். இவர்தான் என்று கை காட்டினால்கூடப் போதும். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்க... பாடகியோட தங்கச்சி" என்றார் அத்தான்.

ஆ என்று ஒரு சத்தம் எழுந்தது. ரத்த உறவு! டாக்டரின் முகமே மாறி, கை குவிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். தடியோடு நிற்கிற ஒரு மனுஷியை அவர் மறைத்துவிட்டார். அந்த அம்மா கொஞ்ச நேரம் அத்தானையே பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"ஆமாங்க. மெதுவாப் பாடின அக்கா செத்துட்டா. அவளை எனக்கே தெரியாது. நான் உயிரோட இருக்கேன், இந்த வேகம்தான் என் வேகம். எல்லாரும் உட்காருங்க. முதல் பாட்டுல இருந்து கேட்போம்."

நாற்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தின குரல். உட்கார்ந்துவிட்டார்கள். டாக்டர்கூட உட்கார்ந்தார். நான் ஊசியைத் தூக்கி முதல் பாட்டில் வைத்தேன். அந்த அம்மா மேடையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தடிமேல் இரண்டு கையையும் வைத்து, கூட்டத்தின் முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது பாட்டில் யாரோ காலால் தாளம் போட்டார்கள். மூன்றாவதில் ஒரு பெண் சத்தமாகச் சிரித்தாள், பிறகு இன்னும் சிலர். கேலி புரிந்துவிட்டது. அவர்கள் சிரிக்கச் சிரிக்க அந்த அம்மா முகம் சிவந்து, இருபது வயசுப் பெண் முதல் தடவை மேடையேறினது போல வெட்கப்பட்டார். கேட்டார்கள், அவர் கேட்டபடி நாலு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சரி, பாவி மனுஷர் பொய் சொன்னாலும் காரியம் நடந்துவிட்டதே என்று நினைத்தேன். அத்தனை சீக்கிரம் நினைத்திருக்கக் கூடாது.

தட்டு முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். டாக்டர் தன்னுடைய தட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மேடைக்கு ஓடி வந்தார்.

"அம்மா, இந்த வேகம் ஒரு சுவாரஸ்யமான விளையாட்டு. ஆனா அக்காவோட ஆழம் இதுல வராது, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. அக்கா நினைவா இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

அந்த அம்மா சந்தோஷத்தில் இருந்தார். டாக்டர் சொன்னது பாதி காதில் விழவில்லை. அட்டையை வாங்கி, காலி நாற்காலிக்குக் கீழே தன் பேரை எழுதினார். டாக்டர் வாங்கிப் பார்த்தார். குழந்தைக்குச் சொல்வது போலச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அம்மா, இது அக்கா பேரு. நீங்க உங்க பேரை எழுதணும்."

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "அது அவங்க பேருதான் டாக்டர்! பாடினது அவங்கதான்! அக்காவும் இல்லை, தங்கச்சியும் இல்லை, எல்லாம் இவங்க ஒருத்தர்தான்!" என்று கத்தினேன்.

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா" என்றார் டாக்டர். "பாடினவங்க இறந்துட்டாங்கன்னு அட்டையிலேயே போட்டிருக்கு. எழுதினது யாரு? உங்க அத்தான்தானே? இதோ நிக்கிறாரு, கேட்டுட்டாப் போச்சு. சொல்லுங்க சார்."

எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்திருந்த என் அக்கா, "என்னங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

"டாக்டர் சொல்றது சரிதான்" என்றார்.

அந்த அம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். தடியை எடுத்து நாலு போடுவார் என்று ஆசையாகக்கூட இருந்தது. அவர் களைத்துப்போயிருந்தார்.

"சரி தம்பி. எனக்கு என்ன பேரு, நீயே சொல்லு."

அத்தான் ஒரு பேர் சொன்னார். தடுமாறவில்லை, யோசிக்கவில்லை. தயாராக வைத்திருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அந்த அம்மா. பேனாவை நீட்டினார். "எனக்குக் கை வராது. நீயே எழுதிடு."

அத்தான் கேடயத்தைப் பக்கத்து நாற்காலிமேல் வைத்துவிட்டு, அந்த அம்மாவின் பேரை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புதுப் பேரை எழுதினார். அவருக்கு அழகான கையெழுத்து. மை சீக்கிரம் காயட்டும் என்று டாக்டர் குனிந்து ஊதினார்.